ஒண்ணாம் நம்பர் டோனர்

மொதல்லயே சொல்லிர்றேன், எனக்குப் பேய், சாமி, குறி, ஜாதகம் எதுலயும் நம்பிக்கை கிடையாது, இப்பவும் கிடையாதுன்னுதான் வெளிய சொல்லிக்கிட்டுத் திரியிறேன். எங்கப்பா காலம்பூரா கருப்புச் சட்டை போட்ட மனுசன், எங்க வீட்டுல சாமி படம் போட்ட காலண்டர் கூடத் தொங்குனதில்ல. எவனாச்சும் அதைப் பார்த்தேன் இதைப் பார்த்தேன்னு ஆரம்பிச்சா மூஞ்சிக்கு நேரா சிரிச்சிருவேன், அதுனாலயே வாய்க்கொழுப்பு புடிச்சவன்னு எனக்கு ஏரியாவுக்குள்ள பேரு. இப்ப நீங்க சிரிக்கப் போறீங்க. சிரிச்சுக்கங்க, ஒங்க எடத்துல நான் இருந்தாலும் சிரிப்பேன். ஆனா இது ராத்திரி பன்னெண்டு மணிக் கதை இல்ல, பட்டப்பகல்ல நடந்தது, அதுவும் ஒரு கம்ப்யூட்டர்ல ஆரம்பிச்சது.

அப்ப விளாங்குடியில நான் சின்னதா ஒரு கம்ப்யூட்டர் கடை வச்சிருந்தேன். டெலிபோன் நம்பர் ஆறு இலக்கமா இருந்த காலம். காளவாசல்ல எலக்ட்ரிக்கல் கடை வச்சிருந்த தவமணி அண்ணே ஒரு ரத்ததானக் குழு நடத்திக்கிட்டிருந்தாரு. முன்னூத்திச் சொச்சம் பேரு, எல்லாம் ஒரு நீள நோட்டுல. யாராச்சும் ரத்தம் வேணும்னு போன் பண்ணா அந்த நோட்டைப் பக்கம் பக்கமாப் புரட்டணும், அதுக்குள்ள அங்க உசிரு போயிரும்னு அவருக்கு மனசு அடிச்சுக்கிடும். அதான் தம்பி, பட்டனைத் தட்டுனா பேரு வரணும், செஞ்சு குடுன்னு வந்தாரு. நல்ல மனுசன், சோழவந்தான் பக்கம் வெத்தலைக் கொடிக்கால் வச்சிருந்த குடும்பம்.

அவரு கடை மாடியில ஒரு பழைய கம்ப்யூட்டர் கெடந்துச்சு. கம்ப்யூட்டர் பத்திரிகையோட ஓசியா வந்த சிடியில ஒரு டேட்டாபேஸ் சர்வர் இருந்துச்சு, அதைத்தான் போட்டேன். நம்புங்க, அதைப் போடுறதுக்குள்ள தாவு தீந்துருச்சு. ஸ்டார்ட் ஆகும், அஞ்சு செகண்டுல தானா நின்னுரும், மெமரி பத்தாது, என் கடையில இருந்து இன்னொரு மெமரியைக் கழட்டிட்டு வந்து சொருகுனேன், நாலு தடவ அழிச்சு அழிச்சுப் போட்டேன். கடைசியா சாயங்காலம் நாலு மணிக்கு நிக்காம ஓடுச்சு. பாஸ்வேர்டு வச்சேன், அது எனக்கு மட்டுந்தான் தெரியும், தவமணி அண்ணனுக்குக் கூட பேரைத் தேடிப் பார்க்குற ஸ்க்ரீன் மட்டுந்தான். நோட்டுல கட்டம் போடுற மாதிரி உள்ள ஒரு டேபிள் போட்டேன். பேரு, வயசு, குரூப்பு, ஊரு, போன் நம்பர், எதையும் காலியா விட்டா சர்வர் ஏத்துக்காது, அப்படி வச்சேன். கடைசியா ரத்தம் குடுத்த தேதி, அந்த ஒரு கட்டத்தை மட்டும் காலியா விடலாம்.

மொதப் பேரை அடிக்கலாம்னு நோட்டைப் பிரிச்சா, தவமணி அண்ணே கையப் புடிச்சுட்டாரு.

"தம்பி, மொத வரி சாமி பேருக்கு."

எங்க பக்கத்துல அப்படித்தான், திருவிழா வரி நோட்டுன்னாலும் மொய் நோட்டுன்னாலும் மொத வரி சாமிக்கு. நோட்டுல எழுதுனா ஒண்ணுமில்ல, இது சர்வராச்சே. பேரை மட்டும் அடிச்சா ஏத்துக்காதுண்ணே, வயசு கேக்கும், குரூப்பு கேக்கும்னு சொன்னேன். மனுசன் விடல. அவங்க கொடிக்கால்ல நிக்கிற கருப்புதான் அவங்க குலசாமி. சரின்னு கருப்பசாமின்னு அடிச்சேன். வயசு என்னண்ணே போடன்னேன், நாப்பது போடுன்னாரு. ஊரு சோழவந்தான். குரூப்பு? "எல்லாருக்கும் சேருற குரூப்பு எதுப்பா?" ஓ நெகட்டிவ்னு சொன்னேன், அதையே போடுன்னாரு. போன் நம்பருக்கு நான் கண்ண மூடிக்கிட்டு ஆறு பட்டனைத் தட்டுனேன். சும்மா இருக்குமா என் வாய்?

"அண்ணே, கருப்பு கெடா வெட்டி ரத்தம் வாங்குற பார்ட்டியாச்சே, அவரைப் போயி குடுக்குற லிஸ்ட்டுல போடுறீங்களே."

கன்னத்துல போட்டுக்கிட்டாரு. "வாங்குறவருக்குக் குடுக்கத் தெரியாதா? நீ போடு தம்பி."

போட்டேன். அவரு கீழ கடைக்கு எறங்குனதும் மொத வேலையா அதை அழிச்சேன். நக்கலுக்கு மட்டும் இல்ல, நாளைக்கு எவனாச்சும் அவசரத்துல அந்த நம்பருக்குப் போன் பண்ணி, யாரோ சம்பந்தமில்லாதவன் எடுத்துத் திட்டுனா? ஒரு வரி அழிஞ்சுதுன்னு ஸ்க்ரீன்ல வந்துச்சு. எத்தனை வரி இருக்குன்னு கேட்டேன், பூச்சியம்னுச்சு. என் கண்ணால பார்த்தேன், இதை மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. அப்புறம் ஒரு வாரம் ஒக்காந்து நோட்டுல இருந்த அம்புட்டுப் பேரையும் ஏத்துனேன். ஒவ்வொரு பேருக்கும் சர்வரே ஒரு வரிசை நம்பர் போடும், மொத ஆளுக்கு ரெண்டாம் நம்பர் விழுந்துச்சு, அழிச்ச நம்பரை அது திரும்பக் குடுக்காது, அது எல்லா எடத்துலயும் உள்ளதுதான்.

இது நடந்து எட்டு மாசம். பங்குனி மாசம், என் வீட்டுக்காரி சுமதிக்குப் பிரசவம். பொம்பளப் புள்ள, காலைல பத்தரைக்குப் பொறந்துச்சு, நர்சம்மா கொண்டாந்து காட்டுனாங்க. புள்ளையை வாங்குன கை சூடு ஆறல, உள்ள ஒரே ஓட்டம். ரத்தம் நிக்கல. அவளுக்கு ஓ நெகட்டிவ், அது தெரிஞ்சு முன்னாடியே ரெண்டு பாட்டில் ஏற்பாடு பண்ணி வச்சிருந்தோம், அது ரெண்டும் போயிருச்சு. டாக்டரம்மா வெளிய வந்து, "இன்னும் ஒரு பாட்டில் வேணும், எங்கயும் ஸ்டாக் இல்லைங்கிறாங்க, சீக்கிரம் ஆளைக் கூட்டிட்டு வாங்க"ன்னாங்க. சாமி இல்லைன்னு சொல்றவனுக்கு அந்த நேரத்துல யாரைக் கும்பிடுறதுன்னு கூடத் தெரியாதுங்க, அது ஒரு கொடுமை.

தவமணி அண்ணனுக்குப் போன் போட்டேன். அஞ்சு நிமிசத்துல அவரே ஆஸ்பத்திரி நம்பருக்குக் கூப்பிட்டாரு. ஓ நெகட்டிவ்ல மூணு பேரு, ஒருத்தர் துபாய் போயிட்டாரு, ஒருத்தர் போன மாசந்தான் குடுத்திருக்காரு, ஒருத்தர் வீட்டுல போனை எடுக்கலை. "அப்புறம் நம்ம கருப்பு பேருதாம்ப்பா இருக்கு"ன்னு சொல்றப்ப அவருக்கு அழுகை வந்துருச்சு.

"அண்ணே, அதை நான் அன்னைக்கே அழிச்சுட்டேன்ணே."

"இல்லையே தம்பி. இந்தா இருக்கு. ஒண்ணாம் நம்பர்."

எனக்கு அந்த நேரத்துல அதை யோசிக்கத் தெம்பில்ல. ஏதாச்சும் பண்ணுங்கண்ணேன்னு கத்திட்டு வச்சுட்டேன். திரும்பக் கூப்பிட்டாரு, கொரலே மாறிப் போயிருந்துச்சு. "தம்பி, அந்த நம்பருக்கு அடிச்சேன். யாரோ எடுத்தாங்க. நான் வாயவே தொறக்கல, வாரேன்னு மட்டும் சொல்லி வச்சுட்டாங்க. எந்த ஆஸ்பத்திரின்னு கூட நான் சொல்லலப்பா."

இருபது நிமிசம் கூட இருக்காது. நான் ரத்தம் எடுக்குற ரூம் வாசல்ல நிக்கிறேன், ஒரு ஆளு வாராரு. நாப்பது வயசு இருக்கும், நல்ல ஒசரம், பெரிய மீசை, மடிச்சுக் கட்டுன வெள்ளை வேட்டி, கால்ல செருப்பு இல்ல. கணுக்கால் வரைக்கும் ஈரச்சேறு. பங்குனி வெயில்ல வைகையே காஞ்சு கெடக்குது, மதுரைக்குள்ள எங்கய்யா சேறு? அப்புறந்தான் யோசிச்சேன், கொடிக்கால்லதான் எந்த மாசமும் தண்ணி நிக்கும். கூட்டுற அம்மா "எவன்டா அவன் சேத்துக்காலோட"ன்னு வஞ்சுக்கிட்டே தொடைச்சுச்சு, அதுனால நான் மட்டும் பார்த்த உருவம்னு தயவுசெஞ்சு சொல்லாதீங்க. ரத்தம் எடுக்குற பையன் பேரு கேட்டான், கருப்பசாமின்னாரு. இதுக்கு முன்னாடி குடுத்திருக்கீங்களான்னு கேட்டான்.

"குடுத்ததில்ல. வாங்கித்தான் பழக்கம்."

"ரத்தம் ஏத்தியிருக்காங்களா? எப்ப?"

"ஏத்துனதெல்லாம் இல்ல"ன்னு சொல்லி சிரிச்சாரு. அன்னைக்கு மாடியில நான் சொன்னது தவமணி அண்ணனுக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும்.

டெஸ்ட் பண்ணிப் பார்த்தான், ஓ நெகட்டிவ். எடுத்தான், எல்லாம் சரியா சேந்துச்சு, ஏத்துனாங்க. சுமதி பொழைச்சா. அம்புட்டுத்தான், பொழைச்சுட்டா. நான் அந்த பெஞ்சுல ஒக்காந்து கேவிக் கேவி அழுதேன், அந்த ஆளு பக்கத்துல நின்னு "என்ன புள்ள?"ன்னு கேட்டாரு. பொண்ணுண்ணேன்னேன். யாருண்ணே நீங்கன்னு கேக்க வாயெடுத்தேன், அவரு முந்திக்கிட்டாரு. "சந்தோசம். லிஸ்ட்டுல இருந்து பேரை மட்டும் எடுத்துறாத"ன்னாரு. அதுக்குள்ள நர்சம்மா மருந்துச் சீட்டை நீட்டுனாங்க, வாங்கிட்டுத் திரும்புனா ஆளைக் காணோம். வாசல்ல ஓடிப்போய்ப் பார்த்தேன், வெயில்தான் அடிச்சுக்கிட்டிருந்துச்சு.

மறுநாள் அந்த நம்பரைத் தவமணி அண்ணன்கிட்டக் கேட்டு வாங்கி நானே போன் போட்டேன். ஒரு மாவு மில்லு. அப்படி யாரும் இல்லைன்னான் மில்லுக்காரன், நேத்து மில்லே தொறக்கலைங்க, டிரான்ஸ்பார்மர் வெடிச்சு ரெண்டு நாளாப் பூட்டிக் கெடந்துச்சுன்னான். நேரா காளவாசலுக்குப் போயி சர்வரைத் தொறந்து பார்த்தேன். ஒண்ணாம் நம்பர், கருப்பசாமி, நாப்பது, சோழவந்தான். காலியா விட்டிருந்த அந்தக் கட்டத்துல முந்தின நாள் தேதி.

தவமணி அண்ணே நன்றிக்கடனா ஒரு கெடா புடிச்சுக்கிட்டுக் கொடிக்காலுக்குப் போனாரு, நானும் போனேன், வேடிக்கை பார்க்கத்தான்னு சுமதிகிட்டச் சொல்லிட்டு. வெட்டுறதுக்கு முன்னாடி மஞ்சத்தண்ணி தெளிப்பாங்க, ஆடு ஒடம்பைச் சிலுப்புனாத்தான் சாமி ஏத்துக்கிட்டுச்சுன்னு அர்த்தம். ரெண்டு கொடம் தண்ணி ஊத்திப் பார்த்துட்டாங்க. வெறச்சுப்போயி நின்னுச்சே ஒழிய ஒரு மசுரைக் கூட அது சிலுப்பல. பூசாரிக்கு மூஞ்சி செத்துப் போச்சு, இப்படி நடந்ததே இல்லைங்கிறாரு. அவுத்து விட்டுட்டு வந்துட்டோம். அதுக்கப்புறம் அந்தக் கருப்புக்கு வெறும் பொங்கல்தான்.

இப்ப என் மக காலேஜ் போறா. தவமணி அண்ணே காலமாயிட்டாரு, குழுவும் கலைஞ்சு போச்சு, அந்தப் பழைய கம்ப்யூட்டரை நான் வீட்டுக்குக் கொண்டாந்து வச்சிருக்கேன். நெட்டு கிடையாது, பாஸ்வேர்டு என்கிட்ட மட்டுந்தான். சுமதி அதைப் பழைய இரும்புக்குப் போடுங்கன்னு சண்டை போடுவா, நான் அவகிட்டக் காரணம் சொன்னதில்ல. மூணு மாசத்துக்கு ஒருக்க போட்டுப் பார்ப்பேன். ரத்தம் குடுத்தவன் மூணு மாசம் கழிச்சுத்தான் மறுபடி குடுக்கணும், அது ஒங்களுக்கும் தெரியும். ஒண்ணாம் நம்பர்ல அந்தத் தேதி மாறியிருக்கும். ஒரு தடவ கூடத் தவறினதில்ல. யாருக்கு, எந்த ஆஸ்பத்திரியில, என்னைய மாதிரி எவன் வாசல்ல நின்னு கதறுனான்னு எனக்குத் தெரியாது. எனக்கு இருக்குற பயமெல்லாம், இந்தக் கம்ப்யூட்டர் ஒருநாள் படுத்துருச்சுன்னா அவனுக்கு யாரு வருவா?

போன செவ்வாக்கெழமை போட்டேன். கரகரன்னு சத்தம் போட்டுட்டு அஞ்சு நிமிசம் கழிச்சுத்தான் வந்துச்சு. தேதி மாறியிருக்கு.