பாய்லர் பக்கம் யார் நிற்பது?

பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடம் அது. பாய்லரை ஒட்டி நிற்கும் இஸ்திரி மெஷினை எல்லோரும் அடுப்படி என்பார்கள். எட்டு மணி நேரம் அங்கே விரிப்பு தேய்த்துவிட்டுப் போனால், பெற்ற பிள்ளை கூப்பிட்டாலும் எரிச்சல்தான் வரும். பழைய சூப்பர்வைசர் தனக்குப் பிடிக்காத ஐந்து பேரை மட்டும் அங்கே போட்டார். அவருக்கு வேண்டிய நாலு பேர் ஜன்னலோரம் துணி மடித்தார்கள்.

அடுப்படியில் பதினோரு வருடம் வெந்தவள் குள்ளக்கா. பழைய சூப்பர்வைசர் ஓய்வு பெற்றதும் அவளே அந்த இடத்துக்கு வந்தாள். கூட வெந்த நாத்தனார் அன்றே ஓடி வந்தாள்.

"அண்ணி, அந்த நாலு பேரையும் இனிமே அங்கயே போடுங்க. அப்பத்தான் நியாயம்."

அந்த நாலு முகமும் வியர்த்து வழிவதைக் குள்ளக்கா நினைத்துப் பார்த்தாள். இனிக்கத்தான் செய்தது.

"நாளைக்கு நான் போனதும் உன்னைத் தள்ளுவாங்க. இது எங்க போய் நிக்கும்?" என்றாள்.

மறுநாள் கூடத்தில் வேலை செய்யும் பதினாறு பேரையும் கூட்டினாள். "முறை என்னன்னு முதல்ல பேசி முடிப்போம். யாருக்கு எப்போன்னு அப்புறம் சீட்டு எடுக்கலாம். கடைசிச் சீட்டு எனக்கு."

தன் சீட்டு எதுவென்று யாருக்கும் தெரியாதே! ஆளுக்கு ஒரு வாரம் என்று தொடங்கிய பேச்சு இரண்டே நாள் என்று சுருங்கியது. மணிக்கொரு தரம் தண்ணீர் குடிக்க இடைவேளையும் சேர்ந்தது.

முதல் சீட்டு ஜன்னலோரத்துக்காரி ஒருத்திக்கு விழுந்தது. அவளுக்கு ஆஸ்துமா. நாத்தனார் கைதட்டிச் சிரித்தாள்.

"அவளால முடியாது. அவ முறையையும் நானே நிக்கறேன்," என்றாள் குள்ளக்கா.

"பழைய சூப்பர்வைசர்கிட்ட உங்களைப் போட்டுக் கொடுத்தவ அவதானே அண்ணி!"

"அவ வாய்தான் போட்டுக் கொடுத்துச்சு. நெஞ்சு என்னடி பண்ணுச்சு?"

நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

மேனேஜர் கூப்பிட்டார். "சூப்பர்வைசரே மெஷின்ல நின்னா மரியாதை என்னம்மா ஆகும்?"

"வேலை தடங்கலில்லாம நடக்குதா சார்?"

"நடக்குது."

"அப்ப நிக்கறேன்."

சூடான காற்றை வெளியே தள்ள ஒரு ஃபேன் வேண்டும் என்று அடுப்படிக்காரர்கள் பல வருடமாகக் கேட்டும் பலனில்லை. இப்போது ஜன்னலோரத்துக்காரிகளும் அங்கே நின்று பார்த்துவிட்டார்கள். முறை தொடங்கிய மாதமே பதினாறு பேரும் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். ஜன்னலோரத்து நாலு பேரில் ஒருத்தியான மேனேஜரின் மைத்துனி கையெழுத்துதான் முதலில்.

ஃபேன் வந்தது. சூடு பாதியாகக் குறைந்தது. "இனிமே சீட்டெல்லாம் எதுக்கு?" என்றார் மேனேஜர்.

"மீதிச் சூடு இருக்கே சார்," என்று குள்ளக்கா அடுத்த மாதத்துச் சீட்டுகளைக் குலுக்கினாள்.