ஒரு ஆள் குறையுது

இரண்டு வருடங்களுக்கு முன், பொங்கல் முடிந்த மறு வாரம் இது நடந்தது. இடம், வேம்பாருக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் ஒரு மீனவக் கிராமம். அப்போது நான் சாத்தூரில் ஒருவரின் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். தீப்பெட்டி ஆபீஸ், அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி, திருப்பூரில் பனியன் கம்பெனி, பிறகு லாரி கிளீனர். ஒரே இடத்தில் ஒரு வருடம் இருந்தால் எனக்கு இருப்புக்கொள்ளாது.

மறதி நோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டுவதற்காக, சிவகாசியைச் சேர்ந்த சில டாக்டர்களும், வீட்டில் அந்த நோயாளிகளை வைத்திருக்கும் குடும்பத்தாரும் சேர்ந்து வேம்பாரிலிருந்து திருச்செந்தூர் வரை கடலோரமாகவே ஐந்து நாள் நடந்தார்கள். மொத்தம் முப்பது பேர், எல்லோருக்கும் வெள்ளைத் தொப்பி, கழுத்தில் போட்டோ அட்டை. தண்ணீர் கேன், வாழைத்தார், மருந்துப் பெட்டி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு முன்னால் போய்க் காத்திருப்பது என் வேலை. பஸ்ஸுக்குக் காசில்லாமல் கோவில்பட்டியிலிருந்து சாத்தூர் வரை நடந்தவன் நான். அதற்கு யாரும் நன்கொடை தந்ததில்லை. அதனால் இவர்களைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டுதான் வண்டியை எடுத்தேன்.

என் பக்கத்து சீட்டில் ஒரு பெரியவரும் அவருடைய மகளும் வந்தார்கள். பெரியவர் ஒரு பட்டாசுக் கம்பெனியில் முப்பது வருடத்துக்கு மேல் போர்மேனாக இருந்தவர். மகளின் பெயரே அவருக்கு மறந்து நாளாகிவிட்டது. “தாயி” என்று கூப்பிடுவார், அதுவும் எப்போதாவது. அந்த அக்கா நடக்க வேண்டும் என்றுதான் பேர் கொடுத்திருந்தார். ஆனால் அப்பாவைத் தனியாக விட முடியாமல், முதல் இரண்டு நாளும் மற்றவர்கள் நடப்பதை வண்டிக்குள்ளிருந்தே பார்த்துக்கொண்டு வந்தார்.

மூன்றாம் நாள் காலையில் தயங்கித் தயங்கிக் கேட்டார். “தம்பி, அடுத்த ஊர் வரைக்கும் மட்டும் நான் நடந்து வாரேன். அப்பாவைப் பாத்துக்கிடுவீகளா? வீட்டை விட்டு இறங்கி நாலு வருசமாச்சு.”

“அதுக்கென்னக்கா, ராசாவாட்டம் வச்சிருக்கேன். நீங்க நடங்க.”

“ஒண்ணே ஒண்ணு. அவர் முன்னால பீடி பத்த வச்சிராதீக. அவருக்கு ஆகாது.”

ஆஸ்துமா போல என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஊரில் ஒரு வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தினேன். பெரியவர் சீட்டில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். நான் காலையிலிருந்து ஒரு பீடி கூடக் குடிக்கவில்லை. சரி, தூங்குகிறவர் தூங்கட்டும் என்று உப்புக் குடோனுக்குப் பின்னால் போய் நின்று ஒன்றுக்கு இரண்டாகக் குடித்துவிட்டு வந்தேன். வண்டியின் கதவு திறந்து கிடந்தது. ஆள் இல்லை.

ஒரு பக்கம் கடல், மறு பக்கம் கண்ணுக்கெட்டிய மட்டும் உப்பளம். முதலில் தண்ணீரைப் பார்த்துத்தான் ஓடினேன். அலையில் யாரும் இல்லை. திரும்பிப் பாத்திப் பாத்தியாகப் பார்த்தேன். அந்த அக்கா எங்கோ பின்னால் சந்தோஷமாக நடந்து வந்துகொண்டிருப்பார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் கேட்டேன். “யக்கா, ஒரு பெரியவரைப் பாத்தீகளா? வெள்ளைத் தொப்பி, கழுத்துல போட்டோ ஒட்டின அட்டை தொங்கும்.”

அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “யாரு, புது ஆபீசரா? ஏலக்கூடத்து வாசல்ல நின்னு ஒவ்வொருத்தனையா சோதனை போட்டுக்கிட்டு நிக்காரு. எம் புருசன் பீடிக்கட்டு போச்சு. நல்லா வேணும்! இருபது வருசமா நான் கத்துதேன், கேட்டாரா?”

ஓடினேன். மீன் ஏலக்கூடத்தின் வாசலில் வரிசை. ராத்திரி முழுக்கக் கடலில் கிடந்து வந்த ஆட்கள், கையைத் தூக்கிக்கொண்டு பள்ளிப் பிள்ளைகள் மாதிரி நின்றார்கள். பெரியவர் ஒவ்வொருவர் மடியையும் தடவிப் பார்த்து, பீடி, தீப்பெட்டி, லைட்டர், செல்போன் எல்லாவற்றையும் வாங்கி ஒரு மீன் கூடையில் போட்டுவிட்டு, முதுகில் தட்டி உள்ளே அனுப்பினார். இரண்டு நாளாகக் குனிந்தே இருந்த மனிதர் நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

நான் நேராக அவரிடம் போகப் பார்த்தேன். “ஏலே, வரிசைல வாலே!” என்று அவரே அதட்டினார். பேசாமல் வரிசையில் போய் நின்றேன். என் முறை வந்ததும் என் மடியில் இருந்த பீடியையும் தீப்பெட்டியையும் எடுத்துக் காட்டினார். “எம்புட்டு தடவை சொல்லியிருக்கேன்? உள்ள வேலை பாக்கவன் எல்லாம் உசுருன்னு தெரியலையா ஒனக்கு?”

“தப்புதான் அண்ணாச்சி” என்றேன். ஒப்புக்குச் சொல்லவில்லை.

உள்ளே போவதற்குள் ஏலம் போடுகிறவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “ஆபீசர் இல்லேன்னு அப்பமே தெரிஞ்சுபோச்சு தம்பி. ஆனா அங்கன பாருங்க, போட்டுக்கு ஊத்துற பெட்ரோல் கேனு அடுக்கிக் கெடக்கு. அது பக்கத்துல உக்காந்துதான் இத்தனை நாளும் பீடி குடிச்சோம். அவர் சொன்னதுல என்ன தப்பு? அதான் வரிசைல நிக்கச் சொல்லிட்டேன்.” பெரியவர் பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்ததை அவரிடம் சொன்னேன்.

அரை மணி நேரத்தில் நடைக்குழு வந்தது. அக்காவின் முகம் வெயிலில் சிவந்து, அப்படி ஒரு சிரிப்போடு இருந்தது. நடந்ததை மறைக்காமல் சொன்னேன். பீடி குடிக்கப் போனதையும் சொன்னேன். அவர் வாசலில் நின்ற அப்பாவைப் பார்த்தார். பிறகு, “நானே ரெண்டு தடவை தொலைச்சிருக்கேன் தம்பி” என்றார்.

குழுவின் தலைவரான டாக்டர் பெரியவரைக் கூப்பிடப் போனார். பெரியவர் அவருடைய டீ-சர்ட்டை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தார். “இது பாலியஸ்டர். இந்தத் துணி உரசுனாலே பொறி வரும், ரூமுக்குள்ள ஆகாது. பருத்தி உடுத்திட்டு வாங்க.” டாக்டர் மறுபேச்சில்லாமல் அதைக் கழற்றிவிட்டு பனியனோடு கையைத் தூக்கி நின்றார். பெரியவர் அவரையும் தடவிப் பார்த்து உள்ளே அனுப்பினார். ஏலக்கூடமே சிரித்தது.

மகள் போய்க் கையைப் பிடித்தார். “அப்பா, போவமா?”

“இன்னும் மணி அடிக்கலையே தாயி.”

ஏலம் போடுகிறவர் அதைக் கேட்டார். கூடத்தில் தொங்கிய மணியை எட்டி ஓங்கி அடித்தார். “ஷிப்டு முடிஞ்சிருச்சு. எல்லாரும் வெளியேறுங்கலே!” என்று கத்தினார். சிரித்துக்கொண்டே ஒவ்வொருவராக வந்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. வெளியே வருகிறவர்களின் தோளைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். கடைசி ஆள் வந்ததும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

“இருபத்தி மூணு பேர் உள்ள போனாக. இருபத்தி ரெண்டுதான் வந்திருக்கு. ஒரு ஆள் குறையுது.”

“எல்லாரும் வந்தாச்சுப்பா” என்றார் மகள். டாக்டரும் மெதுவாகத் தலையை ஆட்டினார். நோய்தான் பேசுகிறது என்று எங்களுக்குத் தோன்றியது. “உள்ள போய்ப் பாருலே” என்று பெரியவர் என்னை ஒரு தள்ளுத் தள்ளினார்.

உள்ளே போனேன். ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால், ஈர வலையைத் தலைக்கு வைத்துக்கொண்டு ஒருவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். எழுப்பிக் கூட்டிவந்தேன். வாசலில் ஒரே கைதட்டல், விசில். தூக்கம் கலையாத அந்த மனிதர் தனக்குத்தான் ஏதோ பரிசு விழுந்துவிட்டதென்று கும்பிடு போட்டார். பெரியவர் அவர் தோளையும் தொட்டார். “இருபத்தி மூணு. சரியாப் போச்சு. வா தாயி, வீட்டுக்குப் போவோம்” என்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த அக்கா அழுதாரா சிரித்தாரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்று மத்தியானம் ஏலக்கூடத்து ஆட்களில் பாதிப் பேர் அடுத்த ஊர் வரை எங்களோடு நடந்து வந்தார்கள். அப்பாவும் மகளும் முன்னால் நடந்தார்கள். வண்டியில் என் பக்கத்து சீட் காலியாகப் போனது.

நான் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் ஒரு தடவை வெடித்தபோது யாரும் தலையை எண்ணவில்லை. ஒருவர் குறைவது மறுநாள்தான் தெரிந்தது. அதோடு அந்த வேலையை விட்டேன். அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை.

அந்த நடைக்குப் பிறகு மூன்று வேலை மாறிவிட்டேன். இப்போது வேலையாட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறேன். இறங்கும்போது ஒவ்வொருவரையும் தோளைத் தொட்டு வாய்விட்டு எண்ணுகிறேன், கேலி செய்கிறார்கள், செய்யட்டும். கணக்குச் சரியாக வந்து நிற்கும் அந்த நொடியில் எனக்கு வருகிற சந்தோஷம், இத்தனை ஊர் சுற்றியும் வேறு எந்த வேலையிலும் கிடைத்ததில்லை.