அத்தை தொடாத டீ

துறையூர்ப் பக்கம் சொந்தம் தேடி வந்த பள்ளிக்கூட வாத்தியாரைக் கட்டிக்கொண்டு, கடல் தாண்டி இலங்கையில் பதுளைக்கு வந்தவள் நான். குடியிருக்கும் விசா கைக்கு வருவதற்குள் பாதி ஊர் பழகிவிட்டது. பிரெட்டைப் பாண் என்று கேட்கக் கற்றுக்கொண்டேன். சந்தையில் எனக்குத் தெரிந்த நாலு சிங்கள வார்த்தையையும் பத்து விரலையும் வைத்துக்கொண்டு பேரம் பேசுவேன். காய்க்கார அம்மா என்னைக் கண்டாலே சிரிக்க ஆரம்பித்துவிடுவார். சிரிக்கட்டுமே! கொசுறாக ரெண்டு கறிமிளகாய் விழாமல் நான் நகரமாட்டேன். வெயில்கூட எங்கள் ஊர் மாதிரி ஆளைக் கொல்லாது. சந்தோஷமாகத்தான் இருந்தேன், அத்தை விஷயத்தைத் தவிர.

அத்தை என் வீட்டுக்காரரின் அம்மா. லுணுகலைக்குக் கீழே தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில், தனியாக இருந்தார். முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்த கை. அம்மா எங்களோடு வந்து இருக்க வேண்டும் என்பதுதான் வீட்டுக்காரருக்கு ஒரே ஆசை. அத்தையோ ஞாயிறு தவறாமல் வருவார், சோறு சாப்பிடுவார், சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார். ஒரு ராத்திரி தங்கியதில்லை. என் கையால் ஒரு வாய் டீ குடித்ததும் இல்லை. தம்ளரை வாங்கி ஊதுவார், கீழே வைப்பார், பேச ஆரம்பித்துவிடுவார்.

தோட்டத்துப் பக்கம் ஒரு வீட்டில் டீ குடிக்காமல் எழுந்து வந்தால் அந்த வீட்டோடு ஏதோ மனஸ்தாபம் என்று அர்த்தமாம். பக்கத்து வீட்டு அக்கா சொன்னாள். அன்றைக்கு முழுக்க எனக்கு அழுகை அழுகையாக வந்தது. எனக்கா டீ போடத் தெரியாது? கறந்த பால், இஞ்சி, ஏலக்காய், கைநிறையத் தூள், நன்றாக மூன்று பொங்கு பொங்கவிட்டு இறக்குவேன். இத்தனைக்கும் நான் காப்பிக்காரி. பெட்டியில் பில்டரும் பொடியும் கொண்டு வந்திருந்தேன். கொழுந்து பறித்தவர் முன்னால் காப்பியை நீட்டினால் என்ன நினைப்பாரோ என்று, வீட்டுக்காரர் பள்ளிக்கூடம் போன பிறகு திருடி மாதிரி தனியாகக் குடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிறு, மழை வரும்போல இருந்தது. கொடியில் கிடந்த துணியை எடுக்கப் பின்பக்கம் போனால், அத்தை என் டீயைக் கறிவேப்பிலைக் கன்றுக்கு ஊற்றிக்கொண்டிருக்கிறார்!

"ஏன் அத்தை, நான் போட்ட டீ அவ்வளவு கேவலமா?" என்றேன்.

அத்தை காலித் தம்ளரை முந்தானைக்குள் மறைத்தார். "கோவிச்சுக்காத புள்ள. கொழுந்து கசங்கக் கூடாதுன்னு கங்காணிகிட்ட எத்தன ஏச்சு வாங்கியிருக்கேன்! நீ என்னடான்னா அந்தத் தூளப் போட்டு பருப்பு வேகவைக்கிற மாதிரி வேகவைக்கிற. தூளுல சுடுதண்ணிய ஊத்தி வடிச்சா முடிஞ்சுது. எனக்குப் பார்க்கவே பொறுக்கல."

"இத முதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

"கடல் தாண்டி வந்த புள்ள, மனசு நோகுமேன்னுதான்."

உள்ளே பள்ளிப் பிள்ளைகளின் கொப்பி நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்த வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன். "நீங்க மட்டும் எப்படிக் குடிச்சீங்க?"

"நான் பழகிட்டேன்" என்றார் பாவம், தலையைத் தூக்காமலே.

வந்த கோபத்தில் சிரிப்பும் சேர்ந்துவிட்டது. "சரிதான் போங்க! இனிமே இந்த அடுப்புல எனக்குத் தெரிஞ்சதத்தான் போடுவேன்" என்று உள்ளே போய்ப் பில்டரை எடுத்து எல்லார் கண்ணிலும் படும்படி வைத்தேன். விடியற்காலையில் அவர் எழுமுன் இறக்கி ஒளித்துவைத்த டிக்காஷன் மிச்சம் இருந்தது. பாலைக் கொதிக்கவைத்து, நுரை பொங்க ஆற்றி, அத்தை கையில் கொடுத்தேன்.

முகர்ந்து பார்த்தார். ஒரு வாய் குடித்தார். அடிவரைக்கும் குடித்து முடித்துவிட்டு, மேலுதட்டு நுரையைத் துடைக்காமலே கேட்டார்.

"இன்னுங் கொஞ்சம் இருக்கா?"

இரண்டாவது தம்ளரும் காலி. "லயத்துல யாருகிட்டயும் சொல்லிறாத புள்ள, என் மானம் போயிரும்" என்றார். மூன்று பேரும் சிரித்தோம், கண்ணில் தண்ணீர் வரும்வரைக்கும்.

மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்காரர் குடையை எடுத்தார். "அம்மா, லுணுகலை பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"ஏன்டா வெரட்டுற?" அத்தை எழுந்திருக்கவில்லை. என்னைப் பார்த்தார். "காலையில இதே மாதிரி போடுவியா?"

"போடுறேன் அத்தை."

"அப்ப ஒரு போர்வை எடுத்துப் போடு."

வீட்டில் இருந்ததே இரண்டு போர்வை. இரண்டையும் தூக்கிக்கொண்டு ஓடினேன்.