வெந்நீரில் கரையாத சிலிமாரின்

ஹெட்விக் வளர்த்த பால் நெருஞ்சில் செடியின் முள் பக்கத்து வீட்டு ஆட்டையே துரத்தியடிக்கும் என்று ஜெர்மனியின் ஓடன்வால்டு மலையடிவாரத்தில் பேச்சு. ஆடு இதுவரை மறுத்ததில்லை. கறிக்கடை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஹெட்விக், கணவன் லோத்தாரின் பீர் வயிற்றுக்காக அந்தச் செடியின் விதைகளை இடித்து, வெந்நீரில் ஊறவைத்து, தினமும் குடிக்கக் கொடுப்பாள். அவன் ஈரல் கெடாமல் இருந்தது அந்தத் தேநீரால்தான் என்று அவள் நம்பினாள்.

அந்த இலையுதிர் காலத்தில் லோத்தார் ஓக் மரத் தோப்பில் காளான் பறித்து வந்தான். ஊரில் யார் பறித்தாலும் காளான் வகையெல்லாம் அறிந்த முதியவர் ரைனரிடம் முதலில் கூடையைக் காட்டுவது வழக்கம். லோத்தார் காட்டவில்லை.

"எனக்குத் தெரியாத காளானா? அந்தக் கிழவன் பாத்துத்தான் நான் திங்கணுமா?"

ஹெட்விக்குக் காளான் பிடிக்காது. அவன் மட்டும் தின்றான். மறுநாள் காலை வாந்தியும் பேதியும். அவள் தேநீரை இரட்டிப்பாக்கினாள். அதற்கடுத்த நாள் எல்லாம் நின்றது.

"பாத்தியாய்யா, என் செடி!"

செய்தி கேட்டு வந்த ரைனர் குப்பைவாளியைக் கிளறினார். கிடைத்த காளான் துண்டைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது.

"இது கொலைகாரக் காளான் ஹெட்விக். வாந்தி நின்னா நல்லதுன்னு நெனைக்காத. ஈரலுக்கு இப்பத்தான் ஆபத்து. வண்டியக் கூப்பிடு!"

மருத்துவமனையில் இளம் மருத்துவர் லோத்தாரின் கட்டிலருகே, நரம்பில் ஏற்றும் மருந்துப் பையைத் தொங்கவிட்டார்.

"இது சிலிபினின், அம்மா. பால் நெருஞ்சில் விதையிலிருந்து எடுக்கறது. ஈரல் செல்லுக்குள்ள விஷம் நுழையற வழிய அடைக்கும்."

"அதைத்தானே நானும் குடுத்தேன்?"

"விதையில இருக்கறது சிலிமாரின், அதோட முக்கியப் பகுதிதான் இந்தச் சிலிபினின். அது தண்ணியில சரியாக் கரையாது. உங்க தேநீர்ல வந்தது ரொம்பக் கொஞ்சம். இது ரத்தத்துல ஏத்துறதுக்காகவே மாத்திச் செஞ்சது."

"பொழைப்பாரா?"

"தாமதமா வந்துட்டீங்க. பாக்கலாம்."

ஹெட்விக்குக் குற்றவுணர்வு வரவேண்டும், வரவில்லை. பயமும் வரவில்லை. யாரோ கையில் கொடுத்த ரொட்டியை மென்றாள். காகித அட்டையை மெல்வது போலிருந்தது. மருந்து சொட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சில நாள் கழித்து மருத்துவர் சிரித்துக்கொண்டே வந்தார். "ரத்தம் ஒழுங்கா உறையுது. ஈரல் தேறுது அம்மா!"

"சரி," என்றாள் ஹெட்விக். அவள் அழுவாள் என்று மருத்துவர் சற்று நேரம் காத்திருந்தார். பிறகு போய்விட்டார்.

லோத்தார் ஒரு கண்ணைத் திறந்தான். "என்னடி, நான் பொழைச்சதுல உனக்கு ஏமாத்தமா?"

"தெரியலய்யா. ஒண்ணுமே தோணல."

அவன் முனகிக்கொண்டே கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். அவள் மேலங்கியைக்கூடக் கழற்றாமல் ஓரத்தில் உட்கார்ந்தாள்.