சாமிக்கு விட்ட முடி

ஐம்பதுகளின் கடைசியில் நான் பள்ளி இறுதி வகுப்பை முடித்தேன். மேலே படிக்க அனுப்புவதா, மாப்பிள்ளை பார்ப்பதா என்று வீட்டில் பேச்சு இழுத்துக்கொண்டே போயிற்று. அதுவரை நான் சும்மா இருப்பது அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. ரயில்வே குமாஸ்தா அவர். இன்ஜின் சும்மா நின்றால்கூட அவருக்குப் பிடிக்காது. சூரமங்கலத்தில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குச் சற்றுத் தள்ளி, கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்குழந்தைகள் இல்லம் ஒன்று இருந்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் அங்கே போய் ஒத்தாசையாக இரு என்று அனுப்பிவிட்டார்.

குழந்தைகள் மேல் எனக்குப் பெரிய பிரியம் ஒன்றும் கிடையாது. பாட்டுச் சொல்லிக்கொடுக்கச் சொல்வார்கள் என்று நினைத்துப் போனேன். இல்லத்துத் தலைவியான மதர் என் கையில் ஒரு பேன்சீப்பையும் வேப்பெண்ணெய்க் கிண்ணத்தையும் கொடுத்தார். வேப்பமரத்தடியில் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துத் தலை பார்ப்பதுதான் என் தொண்டு. வீட்டுக்குப் போனதும் அம்மா என்னை வாசலிலேயே நிறுத்தி என் தலையைப் பார்ப்பாள்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் நாவிதர் வந்து எல்லோருக்கும் மொட்டை அடித்துவிடுவார். இல்லத்தின் வழக்கம் அது. அந்த ஜூனில் ஆறு வயதுப் பிள்ளை ஒருத்தி இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு மரத்துக்குப் பின்னால் போய் நின்றாள். திருச்செங்கோட்டுப் பக்கம். தாய் இறந்துபோனாள். தகப்பன் பள்ளிபாளையத்தில் தறிக்குப் போகிறவர். கோடையில்தான் கொண்டுவந்து விட்டிருந்தார். பிடித்து இழுத்த சிஸ்டரின் கையை அவள் கடித்துவிட்டாள்.

என்னடி இது என்று நான் அதட்டினேன்.

"சாமிக்கு உட்ட முடிங்கக்கா. எங்கப்பா வந்துதான் எறக்கோணும். மாசியில வாரேன்னு சொல்லியிருக்குது."

குலதெய்வக் கோயிலில் மாமன் மடியில் உட்காரவைத்து இறக்கவேண்டிய முதல் முடி. மூன்று வயதில் நடந்திருக்க வேண்டியது. தாய் படுக்கையில் விழுந்ததால் தள்ளிப்போய்விட்டது.

மதருக்கு இதெல்லாம் காதில் ஏறவில்லை. "பேனுக்கு எந்தச் சாமின்னு தெரியுமா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டிலும் மாதாவுக்கு நேர்ந்துகொண்டு முடி கொடுப்பதுண்டு. என் தம்பியின் தலையில் அதற்கு முன் யாரையும் கத்தி வைக்க விட்டதில்லை. "மாதாவுக்கு நேர்ந்த முடியா இருந்தா வெட்டுவீங்களா, மதர்?" என்று கேட்டுவிட்டேன். வாய் எனக்கு எப்போதும் கொஞ்சம் நீளம். அவர் நாவிதரைக் கையமர்த்தினார். "சரி. ஒரு பேன் என் கண்ணில் பட்டாலும் மொட்டைதான். நீயே பொறுப்பு" என்றார்.

அன்றிலிருந்து அந்தத் தலை என் தலைவலி ஆயிற்று. மொட்டைத் தலைகளுக்கு நடுவில் அவள் ஒருத்திக்கு மட்டும் இடுப்பைத் தொடும் முடி. மற்ற பிள்ளைகளை அரை மணியில் முடித்துவிட்டு, மீதி நேரம் முழுக்க அவளுக்கு வாரினேன். சீப்பு இழுக்கும்போது கண்ணில் நீர் முட்டும்; முனகமாட்டாள்.

பார்க்க வருகிறவர்களுக்கு மாதத்தின் முதல் ஞாயிறு. அன்றைக்கு என்னிடம் சீக்கிரம் பின்னல் போட்டுக்கொண்டு கேட்டருகில் போய் உட்காருவாள். மற்றவர்களுக்குப் பொரிகடலையோடு யாராவது வருவார்கள். அவளுக்கு யாரும் வந்ததில்லை. அதற்காக அழவும் மாட்டாள். "மாசி வரோணுமுல்லங்கக்கா" என்று எனக்கே சமாதானம் சொல்வாள். அந்த ஆள் வரமாட்டார் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். அவள் நம்பிக்கை எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

மாசியில் அவர் வந்தார். வெளுத்த வேட்டி, கையில் மஞ்சள் பை. கூடவே மாமன்காரர். தகப்பன் மதரின் முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். "புள்ளையக் கூட்டிட்டுப் போயி முடி எறக்கிட்டு, நாளன்னிக்குக் கொண்டாந்து உட்டுடறனுங்கம்மா. எங்கூட்டுக்காரி நேந்துக்கிட்டதுங்க. அத முடிக்காம எனக்குச் சோறு எறங்கலீங்க." பிறகு மகள் தலையைத் தடவிப் பார்த்தார். "நல்லா வெச்சிருக்கீங்க அம்மிணி" என்று என்னிடம் சொன்னார். அன்றைக்கு எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அவர் வரமாட்டார் என்று எனக்குள் கட்டிய பந்தயத்தில் தோற்றவள் நான். ஆனாலும் ஜெயித்த மாதிரி வீட்டில் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன்.

சொன்னபடியே கொண்டுவந்து விட்டார். மழுமழுவென்ற மொட்டை, அதில் காய்ந்த சந்தனம், குத்திய காதில் சின்னக் கம்மல். பிள்ளைகள் அவள் தலையைத் தடவ முண்டியடித்தார்கள். அவள் காட்டிக்கொண்டு நின்றாள்.

அடுத்த முதல் ஞாயிறு அவள் கேட்டருகில் போகவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மற்றவர்களுக்குத் தலை பார்க்க எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்கே போகலையா? அப்பா வந்தா?"

"முடிதான் எறக்கியாச்சேங்கக்கா. இனி எதுக்கு வருது?"

ஒன்பது மாதம் நான் காப்பாற்றியது என்ன என்பது அப்போதுதான் உறைத்தது. முடி மறுபடி வளர்ந்துவிடும், அப்பாவும் வருவார் என்று ஏதோ உளறினேன்.

"வளந்தா அது சாமிக்கு இல்லீங்க" என்றாள். எனக்குத் தெரியாததைப் பொறுமையாக விளக்குகிற குரல். "அது சும்மா முடி."

மார்ச், ஏப்ரல், மே. அவளைப் பார்க்க யாரும் வரவில்லை. எனக்கு ஆத்தூரில் மாப்பிள்ளை நிச்சயமானது. ஜூனில் நான் கடைசியாகப் போன ஞாயிறன்று நாவிதர் வந்திருந்தார். அவர் பெட்டியைத் திறப்பதற்குள், யாரும் கூப்பிடாமலே, அவள்தான் முதல் ஆளாகப் போய் அவர் முன்னால் தலையைக் குனிந்து உட்கார்ந்தாள்.