ஆடி முடியட்டும் என்றார்கள்

"வீட்டுல ஆம்பளைங்க யாராவது இருக்காங்களா?"

இந்த ஒரு கேள்வியை மட்டும் என்னிடம் யாரும் கேட்கக் கூடாது. இப்போதும் கேட்டால் பற்றிக்கொண்டு வரும். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த பையன் ஒருவன் கேட்டுவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டு போனான். பாவம், நான் திட்டியது அவனை இல்லை என்று அவனுக்கு எங்கே தெரியும்.

எழுபதுகளின் கடைசி அது. நான் ஆரணி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, போர்டில் ஒயரைச் செருகி, "நம்பர் ப்ளீஸ்" என்று கேட்கிற வேலை. பட்டு முதலாளிகள் பெங்களூருக்குப் பேசுவது, ரைஸ்மில்காரர்கள் மெட்ராசுக்குப் பேசுவது, யாருக்குப் பிள்ளை பிறந்தது, யார் வீட்டில் சாவு, எல்லாம் என் கை வழியாகத்தான் போகும். ஊருக்கே சேதி கொடுத்த எனக்கு என் வீட்டுச் சேதியை யாரும் சொல்லவில்லை. அந்தக் கோபத்தைத்தான் எழுதப் போகிறேன்.

என் வீட்டுக்காரர் பட்டு நெய்கிறவர். வீட்டிலேயே தறி. மாமனாரும் மாமியாரும் போய்ச் சேர்ந்துவிட்டதால் அவருடைய அண்ணன், அதாவது என் மூத்தார்தான் குடும்பத்துக்குப் பெரியவர். குடியிருந்தது அடுத்த தெருவில்தான், ஆனால் எங்கள் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். கல்யாணமாகாத நாத்தனார் எங்களோடு இருந்தாள்.

சித்திரை மாதம் ஒரு சனிக்கிழமை என் வீட்டுக்காரருக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தேன். காதுக்குக் கீழே, கழுத்தில், புளியங்கொட்டை அளவுக்கு ஒன்று விரலில் தட்டுப்பட்டது. அழுத்தினால் வலிக்கவில்லை என்றார். வலித்திருந்தால் நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

"தறியில குனிஞ்சிகினே இருந்தா அப்டித்தான். இதுக்குப் போயி இன்னாத்துக்கு மூஞ்சிய அப்டி வச்சிகினு இருக்க?"

வைகாசி முடிவதற்குள் அது எலுமிச்சங்காய் அளவுக்கு வந்துவிட்டது. சாயங்காலமானால் உடம்பு சுடும். சட்டை தோளில் தொங்கியது. உள்ளூர் டாக்டர் மாத்திரை கொடுத்துப் பார்த்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் என்றார். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப் போவதில்லை. அந்தக் காலத்தில் எதற்குப் போயிருந்தாலும் இதே கதைதான் நடந்திருக்கும்.

மூத்தாரும் கூட வந்தார். டாக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"நான் இவரோட ஒய்ஃப் சார்" என்றேன்.

"அது தெரியுதும்மா. ஆம்பளைங்க யாராவது?"

மூத்தார் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தார். என்னைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொன்னார்கள். கதவு என்று ஒன்று இல்லை, பச்சைத் துணித் திரைதான். டாக்டர் இங்கிலீஷைக் கலந்து பேசினார், நடுவில் கேன்சர் என்றார். அந்த வார்த்தை புரிய இங்கிலீஷ் படித்திருக்க வேண்டுமா என்ன? வராந்தாவில் காத்திருந்த அத்தனை பேருக்கும் புரிந்தது. பெஞ்சில் இருந்த ஒரு அம்மாள் நகர்ந்து உட்கார்ந்து எனக்கு இடம் விட்டாள். எனக்குத் தெரியக் கூடாது என்று திரை போட்டவர்கள், ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு என்னை மட்டும் விட்டுவிட்டார்கள்.

கட்டியிலிருந்து கொஞ்சம் சதையை வெட்டியெடுத்து டெஸ்ட் பண்ண வேண்டும், அதற்குக் கையெழுத்து வேண்டும் என்றார்கள். மூத்தார் போட்டார். போடுவதற்குப் பேனா இல்லை என்று திரையை விலக்கி என்னிடம் கேட்டார். என் பேனாவை வாங்கிப் போட்டார்! புருஷன் என்னுடையவன், பேனாவும் என்னுடையது. கையெழுத்துக்கு மட்டும் நான் லாயக்கில்லை.

ஆனி கடைசியில் ரிசல்ட் வரும் என்றார்கள். அன்றைக்கு நான் லீவு போடுகிறேன் என்றதற்கு மூத்தார், "நீ ட்யூட்டிக்குப் போம்மா. பொம்பளைங்க கையில எப்டியும் சொல்ல மாட்டாங்க. நீயே பாத்த இல்ல?" என்றார். பார்த்தேன்தான். ட்யூட்டிக்குப் போனேன். அன்று சாயங்காலம் நான் வந்தபோது மூத்தார் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் வரலம்மா. மெட்ராசுக்கு அனுப்பியிருக்காங்களாம். லேட்டாவும்."

அடுத்த வாரம் கேட்டால் அதே பதில். அதற்கடுத்த வாரமும் அதே. நானே போய்க் கேட்டுவிடலாம் என்று தோன்றாமல் இல்லை. ஆனால் எனக்கும் பயம். வராத ரிசல்ட்டில் என் புருஷன் உயிரோடு இருந்தார். வந்துவிட்டால் என்ன ஆகுமோ?

இதற்கு நடுவில் நாத்தனாருக்குக் களம்பூரிலிருந்து ஒரு இடம் வந்தது. ரைஸ்மில் வைத்திருக்கிற குடும்பம், மாப்பிள்ளைக்கு இரண்டாந்தாரம். முதலில் மாட்டவே மாட்டேன் என்று அழுதவள், ஒரு நாள் திடீரென்று சரி என்றுவிட்டாள். ஆடி பிறந்துவிட்டதால் நல்ல காரியம் பேசக் கூடாது, ஆவணி முதல் முகூர்த்தத்தில் நிச்சயம் என்று மூத்தார் முடிவு செய்தார். எனக்கு அதில் எல்லாம் மனம் போகவில்லை. வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்ப்பது என் வீட்டுக்காரர் கழுத்தைத்தான்.

பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவர் எதிரிலேயே, "நல்லவங்களுக்குத்தான் இப்டி வருது" என்பார்கள். கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளலாமா என்று இருக்கும். காபி போட்டுக் கொடுத்து அனுப்புவேன்.

ஆடி வெள்ளிக்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு படவேட்டு அம்மன் கோயிலுக்குப் போனேன். ரேணுகாம்பாளுக்கு வேண்டிக்கொண்டு, உடம்பில் வேப்பிலையைக் கட்டிக்கொண்டு கோயிலைச் சுற்றினேன். எக்ஸ்சேஞ்சில் முதலாளிகளையே லைனில் காக்க வைக்கிற நான், அத்தனை கூட்டத்தில், ஈர உடம்போடு, வேப்பங்குச்சி குத்தக் குத்தச் சுற்றினேன். வெட்கமே தெரியவில்லை. அவரை எனக்குக் கொடு என்பதைத் தவிர எதுவும் வாயில் வரவில்லை. அவர் என் மாற்றுச் சேலை இருந்த பையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது. என்மேல் இருக்கிற பிரியம் என்று நினைத்துக்கொண்டேன். மடச்சி.

ஆடி முடிய இன்னும் பத்து நாள் போல இருக்கும்போது எனக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு நாள் மத்தியானம், போர்டு கொஞ்சம் ஓய்ந்திருந்த நேரம், அந்த ஆஸ்பத்திரிக்கே ட்ரங்க் கால் போட்டேன். சொந்த விஷயத்துக்கு லைன் எடுத்தால் மெமோ கொடுப்பார்கள். கொடுக்கட்டும். நேரில் போனால் வெளியே நில் என்கிற டாக்டர், ட்ரங்க் கால் என்றதும் தானே வந்து எடுத்தார். யார் பேசுவது என்றுகூடக் கேட்கவில்லை. பேஷண்ட் பெயரையும், கழுத்துக் கட்டி என்றும் சொன்னேன். ரிசல்ட் வந்துவிட்டதா என்றேன்.

"என்னம்மா இது, அன்னிக்கே சொல்லிட்டேனே. கேன்சர் இல்ல. டி.பி. கழுத்துக் கட்டியில வர்ற டி.பி. இருமல்ல பரவற வகை இல்ல, மருந்துல குணமாயிடும். உடனே ஊசி ஆரம்பிக்கணும்னு சொன்னேனே, ஆரம்பிச்சிட்டீங்க இல்ல?"

"யாருகிட்ட சார் சொன்னீங்க?"

"அண்ணன்காரர் வந்தாரே. பேஷண்டும் கூட இருந்தாரே."

கேன்சர் இல்லை. முதலில் அது மட்டும்தான் காதில் விழுந்தது. போர்டில் தலையை வைத்து அழுதேன், சிரித்தேன், என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. சூப்பர்வைசர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். தம்ளரை வாயில் வைத்தபோதுதான் அடுத்தது உறைத்தது. பேஷண்டும் கூட இருந்தார். ஆனிக் கடைசியிலேயே அவருக்குத் தெரியும்.

தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன். அவர் தறிக்குழியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார்.

"உங்களுக்கு டி.பி.யா?"

தறியில் ஓடிக்கொண்டிருந்த நாடா நின்றது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"யாரு சொன்னா?"

"யாரு சொன்னா இன்னா? நீங்க சொன்னீங்களா?"

"அண்ணன்தான், தங்கச்சி நிச்சயம் முடியட்டும்னுச்சி. ஆரணி ஆஸ்பத்திரியில தெனம் ஊசிக்குப் போயி நின்னா ஊருக்கே தெரிஞ்சிடும். டி.பி.ன்னா பரம்பரை வியாதின்னுவாங்க. களம்பூர்க்காரங்க வருவாங்களா?"

"கேன்சர்னா மட்டும் வருவாங்களா?"

"அது பாவம்னுவாங்க."

இப்படி ஒரு கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள் இந்த அண்ணன் தம்பிகள்? சாகப்போகிறவன் என்றால் சம்பந்தம் செய்யலாம், பிழைக்கப்போகிறவன் என்றால் கூடாது.

"எனக்கு மட்டும் சொல்லியிருக்கலாம் இல்ல? நான் எவன்கிட்ட சொல்லப் போறேன்?"

"நீ சும்மா இருக்க மாட்டியே. தெரிஞ்சா அன்னிக்கே ஊசிக்கு இழுத்துகினு போயிருப்ப."

உண்மைதான். இழுத்துக்கொண்டுதான் போயிருப்பேன். அதற்குத்தானே பெண்டாட்டி?

"படவேட்டுல நான் வேப்பிலய கட்டிகினு சுத்துனப்பவாவது வாயத் தொறந்திருக்கலாமே."

"சாமிக்குத்தான பண்ண? வீண் போவுமா?"

கையில் கிடைத்ததை எடுத்து அடித்திருப்பேன். தறியில் முக்கால் சேலை இருந்தது, அதற்காக விட்டேன். கேன்சர் இல்லை என்ற சேதியை அவர் வாயால் கேட்டு, அவரைக் கட்டிக்கொண்டு அழுதிருக்க வேண்டியவள் நான். அந்த ஒரு சந்தோஷத்தை எனக்குக் கொடுக்காமல் பிடுங்கிக்கொண்டார்கள் என்று சொல்லிச் சொல்லிக் கத்தினேன். அவர் குழியை விட்டு எழவில்லை. நெய்த சேலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்டதோ, யாராவது போய்ச் சொன்னார்களோ, மூத்தார் வந்துவிட்டார். விஷயம் புரிந்ததும் முதலில் வாசல் கதவைச் சாத்தினார்.

"கொஞ்சம் மெதுவா பேசும்மா. ஆடி முடியட்டும். தாம்பூலம் மாத்திட்டா போதும், அப்பால நீயே கூட்டினு போயி ஊசி போடு. நான் வேணாங்கல."

"ஆடி மாசம்னா அந்தக் கிருமியும் லீவு போட்டுக்குமா மாமா?"

"இதுல இன்னா தப்பு? பொண்ணு வாழ்க்கையப் பாக்க வேணாமா?"

அப்போதுதான் நாத்தனார் பின்கட்டிலிருந்து வந்தாள். ஈரக் கையோடு நின்றாள்.

"அண்ணனுக்குப் புத்துநோய் இல்லியா அண்ணி?"

"இல்லம்மா. டி.பி. ஊசி போட்டா சரியாயிடும்."

ஓடிப்போய்த் தறிக்குழி ஓரத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுகையும் சிரிப்புமாக அவர் கன்னத்தைத் தடவினாள். நான் செய்திருக்க வேண்டியதை அவளாவது செய்தாளே என்று பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அவள் முகம் மாறியது. மூத்தாரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப நான் எதுக்குப் பெரியண்ணே சரின்னேன்? கண்ண மூடறதுக்குள்ள என் கல்யாணத்தப் பாக்கணும்னு சின்னண்ணன் ஆசப்படுதுன்னு நீதான சொன்ன? அதுக்காகத்தான நான் அந்த ஆளுக்குச் சரின்னேன்?"

என் வீட்டுக்காரர் அண்ணனையே பார்த்தார்.

"நான் எப்பண்ணே அப்டிச் சொன்னேன்?"

மூத்தார் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். என் வீட்டுக்காரர் நாடாவை ஓரமாக வைத்தார். குழியிலிருந்து காலை எடுத்து எழுந்தார். ஆணியில் தொங்கிய சட்டையைப் போட்டுக்கொண்டு, அண்ணன் சாத்திய கதவைத் திறந்தார். "களம்பூருக்கு நானே போயி சொல்லிட்றேன், எனக்கு டி.பி.ன்னு. இவளுக்கு அந்த எடம் வேணாம்" என்றார். என்னைப் பார்த்து, "வா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றார்.

பட்டப்பகலில், கடைத்தெரு வழியாகவே போனோம். ஊசியும் மாத்திரையுமாக ஒன்றரை வருஷம் ஓடியது. பிழைத்துக்கொண்டார். நாத்தனார் பிறகு தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டாள், டி.பி. வந்த வீடு என்று மாப்பிள்ளை வீட்டார் யாரும் ஓடிப் போகவில்லை. அவ்வளவு நல்லதும் நடந்தது. இன்னும் எதற்கு இந்தக் கோபம் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.

தங்கச்சி ஏமாந்துவிட்டாள் என்றதும் அந்த மனுஷன் ஒரு நொடியில் எழுந்து சட்டையைப் போட்டார். அதற்கு முன்னால் அதே இடத்தில், அரை மணி நேரமாக நான் நின்று கதறிக்கொண்டிருந்தேன்.