சக்கை மடலும் கங்காணியும்

கோதையாற்றுக்கு மேலே, புல்தைலம் காய்ச்சுகிறவர்கள் தங்கும் கொட்டகையில் நான் சமையல்காரன். நாலாங் கிளாஸோடு படிப்பை நிறுத்தினவன். பயப்படுவதற்குப் படிப்பு வேண்டாமே. பலாவுக்கு எங்கள் பக்கம் சக்கை என்று பேர். பழுத்த சக்கை மணம் பிடித்துக் கரடி எங்கிருந்தும் வரும். சுளை தின்று மிஞ்சின தோலை, அந்த மடலைக் கொட்டகைக்குப் பின்னால் வீசாதீங்க, தூரக் கொண்டுபோய்ப் புதையுங்க என்று கங்காணியிடம் தினமும் சொல்வேன்.

"ஏலே, கரடி ஒனக்க மாமனா? விருந்துக்கு வந்தா வரட்டும்," என்பான்.

வந்தது. விடியும் நேரம் விறகெடுக்கப் பின்பக்கம் போன, என்கூட அங்கேயே வேலை பார்த்த என் தம்பி, மடல் குவியலில் தின்றுகொண்டிருந்த அதன்மேல் போய் மோதினான். முதுகில் குட்டியைச் சுமந்த தாய்க்கரடி. பிறாண்டியதில் கன்னமும் ஒரு கண்ணும் போயின. துணித்தொட்டில் கட்டி நெய்யூர் ஆஸ்பத்திரிக்குச் சுமந்தோம்.

நான் திரும்பியபோது கங்காணி துப்பாக்கி இரவல் வாங்கி வைத்திருந்தான். "முதலாளி வாறதுக்குள்ள சுட்டுப் போடணும். செத்த கரடியைக் காட்டிட்டா காரியம் தீந்துது," என்று என்னிடமே சொன்னான். குற்றமெல்லாம் கரடி தலையில் ஏறும். இவன் வெற்றிலை போட்டுக்கொண்டு சுகமாக இருப்பான்.

அதை நானே கொல்ல நினைத்தவன்தான். ஆனால் இவனுக்கு அது கிடைக்கக் கூடாது.

மடலையெல்லாம் பொறுக்கி, ஓடைக்கு அப்பால் ஆழக் குழிதோண்டிச் சாம்பல் போட்டு மூடினேன். பக்கத்து மரங்களில் பழுக்கும் முன்னே சக்கையை வெட்டி இறக்கினேன். அரிசி, கருப்பட்டி எல்லாம் தகரப் பெட்டிக்குள். எங்கே போனாலும் கரடி கேட்டு விலகட்டும் என்று ஒரு தகரத்தைத் தட்டிக்கொண்டே போனேன்.

கங்காணி அந்திதோறும் மரத்திலேறிக் காத்திருந்தான். ஒன்றும் வரவில்லை. இறங்கும்போது காலெல்லாம் அட்டை.

"ஒனக்க தகரச் சத்தத்துல எது வரும்லே?"

"எனக்குப் பயம்லா, கங்காணி," என்று கஞ்சி ஊற்றினேன்.

முதலாளி வந்தார். "கரடி எங்கடே?"

"மடலைப் புதைச்ச பெறவு வரல்ல, முதலாளி. அதுக்கு முந்தி கொட்டகைக்குப் பின்னால குவிஞ்சு கிடந்துது."

"ஆரு வீசினது?"

நான் அடுப்பைப் பார்க்கத் திரும்பினேன். எல்லாரும் கங்காணியைப் பார்த்தார்கள்.

முதலாளி வேலையை விட்டு நிறுத்த, அன்றே பாயைச் சுருட்டிக்கொண்டு மலையிறங்கினான். வளைவில் மறையும்வரை நின்று பார்த்தேன். தம்பிக்குக் கண் திரும்பவில்லை. கங்காணி மார்த்தாண்டம் சந்தையில் மூட்டை தூக்கிச் சுமடு எடுக்கிறான் என்று பிறகு கேள்விப்பட்டேன். பஸ்ஸேறிப் போய் அதையும் பார்த்துவிட்டு வந்தேன்.